அசல் விலை

“அஞ்சு வருஷமா நமக்காக நாயா அலைஞ்ச வக்கீல். அவரைப் போய் இந்த ஜட்ஜம்மா இப்படிக் குடையுறாங்களே!” என்று கோர்ட்டின் பின் பெஞ்சில் உட்கார்ந்து பெர்னிஸ் முணுமுணுத்தாள்.

பக்கத்தில் இருந்த லோர்னா கொட்டாவி விட்டாள். “உன் பேச்சைக் கேட்டு நானும் இதுல சேர்ந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். எனக்கு முட்டி ஆபரேஷனே ரெண்டு தடவை முடிஞ்சுபோச்சு, கேஸ் முடியலை.”

இருவருக்கும் அமெரிக்காவில் யாக்கிமா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ‘இருநூற்று நாற்பது டாலர் கோட்டு, இன்று மட்டும் தொண்ணூறு’ என்று ஒரு துணிக்கடையில் தொங்கிய அட்டையைப் பார்த்து அடித்துப் பிடித்து ஓடி வாங்கியவர்கள். மறுநாளும் அதே அட்டை. மறுவருஷமும் அதே அட்டை. அந்தக் கோட்டை இருநூற்று நாற்பதுக்கு ஒருத்தருமே வாங்கியதில்லை என்று தெரிந்தபோது பெர்னிஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் ஏமாந்த பதினோராயிரம் பேர் சார்பிலும் அவள் பெயரில்தான் வழக்கு.

கடைசியில் கடைக்காரர்கள் பணிந்து ஒரு தொகை தர ஒப்புக்கொண்டார்கள். அதில் வக்கீல் கெஸ்லர் தன் ஃபீஸை எடுத்தது போக மிச்சம்தான் ஜனங்களுக்கு. அந்த ஃபீஸ் எவ்வளவு என்று இன்றைக்கு முடிவாகிறது.

சமையலறையில் ஒவ்வொருத்தியிடமும், “கொஞ்சம் பொறுங்கடி, நல்லதா ஒரு தொகை வரும்” என்று பெர்னிஸ் சொல்லி வைத்திருந்தாள். நாளைக் காலையில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

“நீங்க கேக்கறதைக் கொடுத்தா ஆளுக்கு ஒன்பது டாலர்தானே மிஞ்சும்?” என்றார் ஜட்ஜம்மா.

“ஒன்பதா?” என்று பெர்னிஸ் லோர்னாவின் கையைப் பிடித்தாள்.

கெஸ்லர் நெஞ்சில் கை வைத்தார். “யுவர் ஆனர், என்னோட வழக்கமான ஃபீஸ் மணிக்கு ஆயிரத்து இருநூறு டாலர். இவங்க கஷ்டப்படுற ஜனங்க. அதனால இந்த வழக்குக்கு மட்டும் எழுநூறுன்னு குறைச்சுக்கிட்டேன்.”

பெர்னிஸின் கண் கலங்கிவிட்டது. ஒன்பது டாலர் துக்கம்கூட மறந்துபோயிற்று.

“கேட்டியாடி? மணிக்கு ஐநூறு டாலர் விட்டுக் கொடுத்திருக்கார்! யாரு செய்வா இந்தக் காலத்துல?”

“நீயே மெச்சிக்கோ” என்றாள் லோர்னா.

ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இது ஆறாவது வழக்கு.

“மிஸ்டர் கெஸ்லர், இதுவரைக்கும் எத்தனை பேர் உங்களுக்கு அந்த ஆயிரத்து இருநூறைக் கொடுத்திருக்காங்க?”

கெஸ்லர் ஃபைலைப் புரட்டினார். பின்னால் திரும்பி உதவியாளரைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

“யாரும் கொடுத்ததில்லை, யுவர் ஆனர்.”