கூடுதலாக ஒரு சுற்று

திரையில் அப்பாவின் பெயரைப் பார்த்ததும் குன்வோருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

'கதை: ஓட்வார்.'

மருமகனைக் கேலி செய்கிற படத்துக்கு மாமனார் கதை கொடுத்திருக்கிறார்.

நார்வே மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரின் ஒரே தியேட்டர் அது. உட்கார இடமில்லாமல் பலர் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில், கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, எண்பத்திரண்டு வயது ஓட்வார்.

"உனக்கு இது முன்னாலயே தெரியுமா?" என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

"அவர் கதைன்னு தெரியாது. என்னைப் பத்தினதுன்னு போஸ்டர்லயே தெரிஞ்சுதே," என்றான் டோர்கெய்ர். "மீசையை மட்டும் கொஞ்சம் பெருசாக்கிட்டாங்க."

படத்தில் வருவது முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நடந்த பனிச்சறுக்குத் தொடர் ஓட்டம். ஊர் அணிதான் முன்னணியில் இருந்தது. அணியில் கடைசியாக ஓடியவன் டோர்கெய்ர். மூன்று சுற்று முடித்து மைதானத்துக்குள் திரும்ப வேண்டியவன், நேராகக் காட்டுக்குள் போய் நாலாவதாக ஒரு சுற்றும் சுற்றிவிட்டு வந்தான். அதற்குள் கோப்பை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஊரில் அவன் பெயரே 'இன்னொரு சுற்று'.

"என்ன டோர்கெய்ர், ரொட்டி இப்பவே தரவா, இன்னொரு சுத்து போயிட்டு வந்து வாங்கிக்கறியா?" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஓட்வாரோ ஒருபடி மேலே. "மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சொல்வார்.

இப்போது திரையில் அந்த மீசைக்காரன், ஆளில்லாத காட்டில் தானே ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கையசைத்துக்கொண்டு போனான். வேடிக்கை பார்த்த மான் ஒன்றுக்கு முத்தம் பறக்கவிட்டான். தியேட்டர் அதிர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

டோர்கெய்ரும் சிரித்தான்.

"நீ எதுக்குச் சிரிக்கிற?"

"மான் நல்லா நடிக்குது."

குன்வோருக்குப் பொறுக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் படம் பின்னால் போனது. அதே ஓட்டம், அதே காடு. இந்த முறை இசை இல்லை. பனி கொட்டுகிறது. பாதை பிரியும் இடத்தில் கடிகாரத்தோடு பயிற்சியாளர் மட்டும் தனியாக நிற்கிறார். மூச்சிரைக்க வந்த மீசைக்காரன் வேகத்தைக் குறைக்கிறான்.

"உள்ள திரும்பவா?"

"இன்னும் ஒரு சுத்து இருக்குடா. போ."

"மூணு முடிஞ்சிருச்சே."

"எண்ணுறது என் வேலை. ஓடறது உன் வேலை. போடா."

அவன் போகிறான்.

தியேட்டரில் யாரோ பாதியில் சிரிப்பை விழுங்கியது கேட்டது.

அடுத்த காட்சியில் எல்லைக் கோடு. கூட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் கத்துகிறார்: "மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாடா உனக்கு?" அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். பயிற்சியாளருக்குப் பின்னால் காபி பிளாஸ்க்கோடு ஓர் இளம்பெண், அப்பாவையே பெருமையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவன் வாயை மூடிக்கொள்கிறான்.

கோட்டோடு நின்றிருந்த குன்வோர் உட்கார்ந்துவிட்டாள். அந்த பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"நிஜமா?"

டோர்கெய்ர் இப்போது சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டகூட ஏன் சொல்லல?"

"முதல் வருஷம் சொல்லிடணும்னு இருந்தேன். அப்பறம் அவர் நம்ம பிள்ளைங்களுக்குச் சறுக்கக் கத்துக்குடுத்தாரு. அதுங்க அவரையே சுத்தி வந்துச்சுங்க. விட்டுட்டேன்."

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. ரொட்டிக்கடைக்காரர் இருக்கைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

ஓட்வார் தடுமாறி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நடந்தது இதுதான்," என்றார்.

டோர்கெய்ர் முன்வரிசைக்குப் போனான். மாமனாருக்குக் கை கொடுத்து, மெதுவாக வெளியே அழைத்துப் போனான்.

வாசலில் படத்தின் இயக்குநர் யோருன் நின்றிருந்தாள். குன்வோர் நேராக அவளிடம் போனாள்.

"உண்மையைச் சொல்லணும்னா நேராச் சொல்லியிருக்கலாமே. அதுக்கு முன்னால ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரரைக் கோமாளியாக்கணுமா?"

"நான் முதல்ல எழுதினதுல சிரிப்பே கிடையாதுங்க. உங்கப்பாதான் ஒத்துக்கல."

"என்ன சொன்னாரு?"

யோருன் ஓட்வார் போன பக்கம் பார்த்தாள்.

"'நான் மன்னிப்புக் கேக்கப்போறேன்னா பத்துப் பேர் வருவாங்க. டோர்கெய்ரைப் பாத்துச் சிரிக்கலாம்னு சொல்லு, ஊரே வரும்'னாரு."