ஆறாம் வருடப் பூசை

"பெலவேந்திரன் இருக்கான். அடைக்கலமேரி இருக்குது. மாதா சுரூபம் இருக்குது. நான் இருக்கேன். பதில் சொல்ல வேண்டியவளும் நிக்கிறா. ஆரம்பிக்கலாம்" என்றார் ஞானப்பிரகாசம், அன்பியம் என்கிற தெரு செபக் கூட்டத்தில் வருகை எடுக்கும் அதே குரலில்.

பங்குக் கோயில் தேருக்கு மூன்று தலைமுறையாக முதல் வடம் பிடிக்கிற குடும்பம். அந்த வீட்டுக் கூடத்தில், கையில் டிபன் கேரியரும் துணிப்பையுமாக நின்றாள் மூத்த மருமகள் வளர்மதி. அன்று அமாவாசை, பகல் இரண்டு மணி. ராஜகிரிப் பாறையில் பட்ட வெயில் வாசல்வரை சுட்டது.

"சட்டுனு முடிங்க நைனா. வண்டி ரோட்டுல நிக்குது, வல்லத்துல நெல்லு மூட்டை ஏத்தணும்" என்றான் இளைய மகன் பெலவேந்திரன்.

"எனக்கும் மாவு அரைக்கணும்ணே. மூணு மணிக்கு கரண்ட் போயிடும்" என்றாள் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி.

"செபமாலைக்குக் கூப்டா ஒருத்தரும் வர்றதில்ல. வம்புன்னா மட்டும் ஓடியாந்துடுறீங்க. சொல்லும்மா, இன்னா பாத்த?"

"நான் இன்னாத்த சொல்ல? போன அமாவாசைக்கு உங்க மருமவ மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ல ஏறுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். தேர் வடம் பிடிக்கிற வூட்டுப் பொண்ணு அங்காளம்மாவக் கும்பிடப் போவுதேன்னு ஊரே சிரிக்குதுண்ணே."

மாதத்தில் ஒரு நாள் எங்கேயோ போகிறாள் என்றுதான் ஞானப்பிரகாசத்தின் காதுக்கு வந்திருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் செபமாலையில் நகர்ந்துகொண்டிருந்த விரல் ஒரு மணியிலேயே நின்றுவிட்டது.

"எத்தினி மாசமா?"

"ஏழு அமாவாசை மாமா" என்றாள் வளர்மதி.

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "அன்பியத்துக்கு வரச் சொன்னா தையல் மிஷினு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம்னு நூறு சாக்கு. இதுக்கு மட்டும் நேரம் எங்க இருந்து வந்துச்சு?"

"அடுப்புல ஒரு கையி, மிஷின்ல ஒரு காலு, அப்படித்தான் மாமா ஓடுது. வாயி மட்டும் சும்மா இருக்குது. அது மங்களவார்த்தை செபம் சொல்லிக்கினேதான் இருக்குது. மாசத்துல மிஞ்சுறது ஒரு அரைநாளு. அத அங்க கொண்டுபோறேன்."

"அம்மன் கோயிலுக்கா அண்ணி?" என்றான் பெலவேந்திரன். அவள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஞானப்பிரகாசம் சுவரைக் காட்டினார். மாலை போட்ட படத்தில் அவருடைய மூத்த மகன் இருதயராஜ். வளர்மதியின் கணவன். குஜராத்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டான். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தாலியைக் கழற்றி வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஆறாம் வருஷப் பூசை. வரமாட்டேன்னியாமே?"

"வரமாட்டேன் மாமா."

"கேட்டியா மாதாவே இந்த அநியாயத்த!" என்று அடைக்கலமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புருஷன் ஆத்துமாவுக்கு வேண்டிக்காதவளுக்கு இந்த வூட்டுல இன்னா வேலை? இன்னைக்கு அந்த பஸ்ல ஏறினா, திரும்பி இந்தப் படி ஏறாத. உன் பொண்ணு எழில் இங்கயே வளரும். அதுக்காவது இந்தக் குடும்பத்தோட பேரு மிஞ்சட்டும்."

வளர்மதியின் முகம் வெளுத்தது. கேரியரைக் கீழே வைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அழுவற? பையத் திற. இன்னா படையல் கொண்டுபோறேன்னு இவங்களும் பாக்கட்டும்."

அவள் பையைத் தரையில் வைத்துக் குனிந்தாள். முடிச்சில் விரல் வைத்தபடி தலைநிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திறக்கட்டுமா மாமா? இவங்க ரெண்டு பேரும் இருக்கும்போதே?"

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவரை அடித்தது. பையின் ஓரத்தில் நீலக்கட்டம் போட்ட லுங்கியின் நுனி எட்டிப் பார்த்தது. அது அவர் கண்ணுக்கு மட்டுமே பட்டது.

"வேணாம்" என்றார். "கட்டு."

"இன்னா நைனா, அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போய் லோடு ஏத்துடா." பிறகு அவளிடம், சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "போ. ஆனா திரும்பி வரும்போது நீ தனியாத்தான் வரணும்."

"ஏழு தடவையும் தனியாத்தானே மாமா வந்தேன்" என்றாள் வளர்மதி. பையையும் கேரியரையும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை குறித்தபடி நடந்தது. ஞானப்பிரகாசம் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

வளர்மதி சாமி மாறிவிட்டாள் என்று செஞ்சியில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். அவள் அந்த அம்மன் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. அமாவாசைதோறும் கோயிலுக்கு வெளியே அன்னதானப் பந்தியின் கடைசியில் வந்து உட்காரும் புத்தி பேதலித்த ஒருவனுக்கு முகம் துடைத்து, லுங்கி மாற்றி, சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். ஊட்டுகிறவள் தன் மனைவி என்பது இருதயராஜுக்குத் தெரியாது. குஜராத் கதையும் பொய்: பூசை நடுவே எழுந்து கூச்சல் போட்டுக் குடும்ப மானத்தை வாங்கிய மகனை, ஆறு வருடத்துக்கு முன் ஓர் அமாவாசை நெரிசலில் கைவிட்டுவிட்டு, ஸ்பெஷல் பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தவர் ஞானப்பிரகாசம்.