எல்லைக்கோட்டுக்கு முன்னால்

பழைய கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றுக்கு மூன்று பேர் பொழுதுபோக்காகப் புதுச் சாலைகளும் இசையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சாலைகளைச் சக்கரம் என்ற பட்டப்பெயர்க்காரன் வரைந்தான். மருந்துக்கடையில் வேலை பார்த்த அக்கா மெட்டுப் போட்டாள். அவள் தம்பி டிரம்ஸ் வாசித்தான். ஒவ்வொரு பாட்டிலும் தம்பிக்கென்று ஓர் இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புவது அவள் வழக்கம்.

கடைசிச் சுற்றுக்கான மெட்டு முடியும் முன்பே தம்பி காய்ச்சலில் போய்விட்டான். அவன் இடத்தில் வேறொருவரை வாசிக்கவிட அவளுக்கு மனம் வரவில்லை. வெறுமையாகவே சக்கரத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சக்கரம் போன் செய்தான். "அக்கா, கடைசிச் சுற்றுல பய பின்னியெடுத்துட்டான்! போறதுக்கு முன்னாடி எப்ப வாசிச்சு வெச்சான்?"

"அங்க ஒண்ணுமே இல்லப்பா. சும்மாதான் விட்டிருக்கேன்."

"ஓட்டித்தான் பாருங்களேன்."

அனுப்பிய பாட்டைத் திறந்து பார்த்தாள். அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு விளையாட்டில் ஏறி ஓட்டினாள். கடைசி வளைவில் டிரம்ஸ் எழுந்தது. வழக்கம்போல முதல் அடி முந்திக்கொண்டு விழுந்தது.

"அவசரக்குடுக்கை," என்றாள் தன்னையறியாமல்.

எல்லைக்கோட்டைத் தாண்டினால் பாட்டு நின்றுவிடும். கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. பிறந்ததிலிருந்து எதற்கும் காத்திராத அந்தக் கை, அவளுக்காகப் பொறுமையாக வாசித்துக்கொண்டே இருந்தது.