கயிற்றின் மறுமுனை

மூச்சே மெதுவாகத்தானே வருகிறது, இன்னொரு மாத்திரை கொடுத்தால் அதுவும் நின்றுவிடுமோ? மதராசில் இடுப்புக்குப் புது மூட்டு வைத்துவிட்டு வந்த புருஷன் பவுலின் நெஞ்சையே பிளாரன்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சன்னல் வெயில் பெத்திடின் என்னும் வலி மாத்திரைக் குப்பியில் பட்டுச் சுவரில் நடுங்குகிறது. அடுத்த மாத்திரை பொழுது சாய்ந்த பிறகுதான் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். வலி பொறுக்காமல், வேண்டும்போது கூப்பிடத் தன் கையிலிருந்து அவள் மணிக்கட்டுவரை கட்டியிருக்கும் கயிற்றைப் பவுல் அரைமயக்கத்தில் சுண்டுகிறான். முத்துக் குளிக்கையில் மேலே தூக்கச் சொல்லிச் சுண்டிய அதே சுண்டு. அன்று தோணியில் கயிறு பிடித்தவன் மச்சான் வில்பிரட், அவளுடைய அண்ணன். கட்டிலருகே அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். “ஏளா, சுண்டுனா மேல உள்ளவன் யோசிக்கப்படாது. குடுத்துரு.” “நீ மேல தூக்குன. இது கீழல்லா கொண்டு போவுது, அண்ணே.” குப்பியை மடியில் செருகிக்கொண்டு, அவள் கயிற்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.