நாலு பாட்டில் முட்டைக்கோஸ்

மூடியைத் திறந்தவள் ஜாடியை அப்படியே தள்ளி வைத்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

கணவன் மோந்து பார்த்தான். முகம் அஷ்டகோணலாகியது. முட்டைக்கோஸ் மேல் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"கெட்டுப் போச்சு, கொட்டிடு. இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

"இதே ஜாடியிலேருந்துதான் வியாழக்கிழமை நாலு பேருக்கு நிரப்பிக் கொடுத்தேன்."

அவள் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறவள். முட்டைக்கோஸை மெலிசாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, ஜாடியில் அழுத்தி மூன்று வாரம் புளிக்க வைப்பது நாலு வருடப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் நாலு பாட்டில் வெளியே போகும். அண்ணிக்கு ஒன்று. அச்சகத்தில் மேனேஜர், டிசைனர் பெண், பைண்டர் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று.

இந்தத் தடவை உப்பை நிறுக்கும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே பாதி உப்பைத்தான் போட்டிருக்கிறாள். அது இப்போதுதான் உறைத்தது.

"பேசாம இரு" என்றான் கணவன். "யாராவது வயிறு சரியில்லன்னு சொன்னாங்களா? நீயா போய் ஏன் மாட்டிக்கற?"

"டிசைனர் பொண்ணு ஏழு மாசங்க!"

அவன் சட்டென்று போனை எடுத்துக் கொடுத்தான்.

"அக்கா! லீவு நாள்ல போன்? சொல்லுங்க."

"அந்த முட்டைக்கோஸைச் சாப்பிட்டுட்டியா?"

"அதான் நேத்தே சொன்னேனே! ஒரே நாள்ல காலி. பாட்டிலை நக்காத குறைதான்."

"அது கெட்டுப் போனதும்மா. உடனே டாக்டர்கிட்டப் போகணும். இரு, நான் கிளம்பி வரேன்."

மறுமுனையில் ஒரு முனகல்தான் கேட்டது.

"என்னம்மா பண்ணுது? வலிக்குதா?"

"அக்கா... திட்ட மாட்டீங்களே? நான் சாப்பிடவே இல்ல. எனக்கு அந்தப் புளிச்ச வாசனையே ஆகாது. வீட்டுக்கு வந்ததும் நேரா குப்பையில..."

"இந்தத் தடவையா?"

"எல்லாத் தடவையும்."

கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. "நல்ல வேலை பண்ணினேடி, என் கண்ணே!"

அடுத்து மேனேஜர்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்மா! என் வீட்டம்மா அதை வெச்சே ரெண்டு தட்டு சாப்பிட்டா" என்று ஆரம்பித்தவர், விஷயத்தைக் கேட்டதும் இருமினார். "அது வந்தும்மா... எனக்கு ரத்தக் கொதிப்பு. உப்பே ஆகாது. உங்க மனசு நோகக் கூடாதேன்னு..."

"உங்க வீட்டம்மா?"

"அவ பாட்டிலை மட்டும் கழுவி எடுத்துப்பா. பட்டன் போட்டு வைக்க."

அண்ணி பத்து நிமிடம் சுற்றி வளைத்தாள். கடைசியில், செடிக்கு உரமாகப் போட்டதாக ஒப்புக்கொண்டாள். "செடியும் பட்டுப் போச்சு" என்று வேறு சொன்னாள்.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். பொய் சொன்ன அத்தனை பேர் வாயிலும் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது.

மிச்சம் பைண்டர்.

"அந்த மனுஷன் கண்டிப்பா தொட்டிருக்க மாட்டார்" என்றாள். கொடுத்த மறுநாளே குறை சொல்ல வந்து நிற்கிற ஆள் அவர். ஒரு தடவை, உப்பு கரிக்குது. ஒரு தடவை, தடிமனா நறுக்கிட்டீங்க, பல்லுல மாட்டுது. இன்னொரு தடவை, ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துட்டீங்க, புளிப்பு ஏறல. அதுவும் அத்தனை பேர் எதிரில். மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவரை மட்டும் விட முடியாதே என்றுதான் அவருக்கும் ஒரு பாட்டில்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை, மூன்றாவது தடவையும் இல்லை.

தனியாக இருக்கிற மனிதர். அவள் சிரிப்பு நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது.

"குளிச்சிட்டிருந்தேன். என்னம்மா, இத்தனை தடவை?"

"சார், நான் கொடுத்ததைச் சாப்பிட்டீங்களா?"

"அதை எப்படிம்மா சாப்பிடறது? திறந்ததுமே தூக்கிக் கொட்டிட்டேன்."

அப்பாடா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயம் போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களும் எல்லாத் தடவையும் கொட்டிடுவீங்களா சார்?"

"எல்லாத் தடவையும் எதுக்கும்மா கொட்டணும்? இந்தத் தடவைதான் மூடியைத் திறந்ததுமே தெரிஞ்சுது, எப்பவும் வர்ற வாசனை இது இல்லன்னு. சொல்லிடலாம்னு நேத்து உங்க மேசைக்கு வந்தேன். அந்த டிசைனர் பொண்ணு ஒரே நாள்ல காலி பண்ணிட்டேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டிருந்துச்சு. சரி, என் பாட்டில்லதான் ஏதோ கோளாறுன்னு திரும்பிட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அடுத்தது எப்பம்மா போடுவீங்க?" என்றார் பைண்டர். "பழைய பாட்டில் போன வாரமே தீர்ந்துடுச்சு. அது இல்லாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."