பஞ்சு அக்காவின் காயங்கள்

பள்ளிக்கூடத்தின் முதலுதவி அறையைக் கவனிக்கும் பஞ்சு அக்காவை, புதிதாக வந்த தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“திங்கக்கிழமை முழங்கையில கட்டு. நேத்து நெத்தியில பிளாஸ்திரி. இன்னிக்கு முழங்கால். தினம் ஒரு பக்கம் நீங்களே விழுந்தா, பிள்ளைங்களை யாரு தூக்குறது? பேசாம வீட்டுல ஓய்வெடுங்களேன்.”

பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஓய்வெடுத்து, அக்கா யாருக்கு மருந்து போடுவது?

“அக்கா, ஒண்ணாம் வகுப்புப் பொண்ணு விழுந்து தாடையைத் தேச்சுக்கிட்டா. யாரையும் கிட்ட விடமாட்டேங்குறா” என்று ஓர் ஆசிரியர் வந்து நிற்க, அக்கா விழுந்தடித்து ஓடினார்.

தலைமையாசிரியை ஆற அமரப் போய்ச் சேர்ந்தபோது, ஊரைக் கூட்டிய அழுகை ஓய்ந்திருந்தது. மருந்து போட்ட தாடையோடு சிறுமி உட்கார்ந்து, அக்காவின் தாடையை ஊதிக்கொண்டிருந்தாள். அங்கே புத்தம்புதுப் பிளாஸ்திரி.

“பத்து வரைக்கும் எண்ணுங்கக்கா, எரிச்சல் போயிடும். எனக்குப் போயிடுச்சில்ல?”

சிறுமி வகுப்புக்குப் போனதும் தலைமையாசிரியை கேட்டார். “இப்பத்தானே நல்லா இருந்தீங்க?”

அக்கா பிளாஸ்திரியை உரித்தார். முழங்கால் கட்டையும் அவிழ்த்தார். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

“வலிக்காதுங்கிற பொய்யை எந்தப் பிள்ளையும் நம்பாது டீச்சர். எனக்கும் அங்கேதான் அடிங்கிற பொய்யை எல்லாப் பிள்ளையும் நம்பும்.”

தலைமையாசிரியை தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்குத் தடுப்பூசி போட வர்றாங்க. காலையிலேயே எனக்கு இங்க ஒண்ணு ஒட்டி விட்டுடுங்கக்கா.”