சனிக்கிரகத்தில் ஒரு சண்டை

அபாயச் சங்கு அலறியது. நர்ஸின் விண்கப்பலை எதிரிக் கப்பல் மடக்கிவிட்டது.

வீடியோ கேமில் பலர் சேர்ந்து ஆடும் புதிய சனிக்கிரகப் பகுதியை அவள் நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, காலையில்தான் டவுன்லோட் செய்திருந்தாள். அதில் யார் பேசினாலும் ரோபோ குரல்தான் கேட்கும்.

"சரணடைஞ்சிடு. கப்பலாவது மிஞ்சும்" என்றது எதிரியின் குரல்.

"முடியாது! முந்தின லெவல்ல ராப்பகலா ஆடி ஜெயிச்ச கப்பல் இது. வெடிச்சுச் சிதறினாலும் சிதறட்டும், உன்கிட்ட கையைத் தூக்க மாட்டேன்!"

"சொன்ன பேச்சைக் கேக்கற வழக்கமே கிடையாதா?"

அவள் பீரங்கியை எதிரியின் பக்கம் திருப்பினாள்.

"என் மாமியார் சொல்லியே கேக்காதவ நான். நீ யாருடா சுண்டைக்காய்?"

ரோபோ குரல் சொன்னது:

"கத்தாதடி. பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."